எங்க வச்சே? – வீட்டை ஒழுங்குபடுத்தும் கேள்விகளைப் பற்றி ஒரு குறிப்பு

போன வருஷம் ஆவணி மாசம், ராத்திரி ஒன்றரை மணி. அம்மாவை அவசரப் பிரிவில் படுக்க வைத்திருந்தார்கள். வியர்த்துக் கொட்டியிருந்தது, பேச்சு குழறியது, கூப்பிட்டால் பாதிதான் திரும்பினார். விரலில் குத்திப் பார்த்த டியூட்டி டாக்டர், "சுகர் ரொம்ப இறங்கியிருக்கு. என்ன மாத்திரை எடுத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார்: "காலையில ஒரு வெள்ளை மாத்திரை. ராத்திரி ஒண்ணு, அதைவிடச் சின்னது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

டாக்டர் அதைச் சும்மா கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரைகளில் சில வகை உடம்பில் நெடுநேரம் தங்கி வேலை செய்யும். குளுக்கோஸ் ஏற்றித் தூக்கிவிட்டாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறக்கிவிடலாம். என்ன மாத்திரை என்று தெரிந்தால்தான் எத்தனை நேரம் கண்காணிப்பில் வைப்பது என்று முடிவு செய்ய முடியும். சீட்டையோ மாத்திரை அட்டையையோ எடுத்து வரச் சொன்னார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

பீரோ லாக்கர், டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறை, சாமி அலமாரி, ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் தட்டு, தலையணைக்கடி எல்லாம் பார்த்தாயிற்று. அரை மணி நேரம் தேடினேன். பழைய ரேஷன் கார்டு கிடைத்தது, அக்காவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கிடைத்தது, சீட்டு மட்டும் கிடைக்கவில்லை. அப்போது அப்பாவிடமிருந்து போன். "அம்மா கண் முழிச்சுட்டா. காலண்டருக்குப் பின்னாடி பாருங்கறா."

சமையலறைக் கதவோரம் தொங்கும் மாசக் காலண்டர். அதே ஆணியில், காலண்டருக்குப் பின்னால், ஒரு துணிக்கடைப் பை. பைக்குள் ஆறு வருஷத்துச் சீட்டுகள் தேதி வரிசையில், ஒவ்வொன்றோடும் அந்த மாத ரத்தப் பரிசோதனை முடிவு குண்டூசி குத்தி. அடுத்த செக்கப் தேதியை அம்மா காலண்டரில்தான் வட்டம் போடுவார். அதனால் சீட்டும் அங்கேயே. யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான இடம் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் அது தெரிந்தவர் ஒரே ஒருத்தர். அவர்தான் படுக்கையில் கிடந்தார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எங்கள் வீட்டில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. இருந்த ஒழுங்கு மொத்தமும் ஒரே தலைக்குள் இருந்தது.

புத்தகம் வாங்கினேன்

அம்மா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பதற்றம் தணிந்ததும் என்னைப் போன்ற ஆட்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிய புத்தகங்களை வரிசையாக வாங்கிப் படித்தேன்.

இந்தப் புத்தகங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெட்டி, ஷெல்ஃப், லேபிள் என்று தொடங்குபவை அதிகம் நிற்பதில்லை. உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிற புத்தகங்கள்தான் நிற்கின்றன. இது இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. இங்கிலாந்துக் கைவினைஞர் வில்லியம் மோரிஸ் 1880ல் ஆற்றிய உரையிலேயே இதன் வித்து இருக்கிறது. வீட்டில் இருக்கும் எதுவும் பயன் உள்ளது என்று உனக்குத் தெரிந்ததாகவோ, அழகு என்று நீ நம்புவதாகவோ இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். அதையே கேள்வியாகத் திருப்பிப் போட்டால் பிற்காலத்துப் புத்தகங்களின் முதல் அத்தியாயம் தயார்.

ஆகவே இந்தக் குறிப்பில் ஒவ்வொரு புத்தகத்தையும் அதன் மையக் கேள்வியை வைத்தே எடைபோடப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். அந்த ராத்திரி ஒன்றரை மணிக்கு இந்தக் கேள்வி எனக்கு உதவியிருக்குமா?

மனசு துள்ளுதா?

முதலில் மரி கோண்டோ. ஜப்பானிய மொழியில் வந்த அவருடைய புத்தகம் 2014ல் ஆங்கிலத்துக்குப் போனது. 2015ல் டைம் பத்திரிகையின் நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடர். அதன்பிறகு அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் மாதிரி புழங்க ஆரம்பித்தது.

அவருடைய கேள்வி எல்லோருக்கும் தெரியும். பொருளைக் கையில் எடு, மகிழ்ச்சி தருகிறதா என்று பார். ஜப்பானிய மூலத்தில் அவர் பயன்படுத்தும் சொல் ‘தொகிமெக்கு’. நெஞ்சு படபடப்பது, மனசு துள்ளுவது என்ற பொருள். ‘மகிழ்ச்சி தருகிறதா’ என்றால் பொருள் நமக்கு ஏதோ கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘மனசு துள்ளுதா’ என்றால் நமக்குள் நடப்பதைக் கவனித்தால் போதும். என் காதுக்கு இரண்டாவதுதான் நல்ல கேள்வி.

அவர் செய்த நல்ல காரியங்களைச் சொல்லிவிட வேண்டும். எதைத் தூக்கிப் போடுவது என்ற கேள்வியை எதை வைத்துக்கொள்வது என்று திருப்பினார். அறை அறையாகப் போகாதே, வகை வகையாகப் போ என்றார். துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருள். இந்த வரிசை கெட்டிக்காரத்தனமானது. துணியில் கை பழகிய பிறகுதான் போட்டோ ஆல்பத்தைத் தொடுகிறோம். என் சட்டைகளை இந்த முறையில் பிரித்தேன், பாதிக்கு மேல் வெளியே போனது. இன்றுவரை ஒன்றைக்கூடத் தேடவில்லை.

சிக்கல் மூன்றாவது வகையில் வருகிறது. காகிதம். மின்கட்டண ரசீதும் பத்திர நகலும் யார் மனசையும் துள்ள வைக்காது. கோண்டோவுக்கும் அது தெரியும். அதனால் காகிதம் வந்ததும் தன் புகழ்பெற்ற கேள்வியைக் கீழே வைத்துவிட்டு, அடிப்படையில் எல்லாவற்றையும் கழித்துவிடு, இன்றைக்குப் பயன்படுவது, கொஞ்ச காலத்துக்குத் தேவையானது, நிரந்தரமாக வைக்க வேண்டியது இவை மட்டும் மிஞ்சட்டும் என்று வேறு விதிக்குப் போகிறார். அதில் தப்பில்லை. ஆனால் வீட்டில் ஒரு பொருள் கிடைக்காமல் போனால் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்கிற வகைகளில் முதலிடம் காகிதத்துக்குத்தான். அந்த இடத்தில் அவருடைய மையக் கேள்வி பேசுவதில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ‘மனசு துள்ளுதா’ என்றால் யாருடைய மனசு? அந்தக் கேள்விக்குள் ஒரே ஒரு ஆள் இருக்கிறார். பொருளுக்கும் அவருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. அடுத்தவர் பொருளை அவர் அனுமதி இல்லாமல் தொடாதே என்று கோண்டோ தெளிவாகச் சொல்கிறார், அது நியாயம். கூடவே, நீ கழித்த மூட்டையைக் குடும்பத்தார் கண்ணில் படாமல் வெளியேற்று என்றும் சொல்கிறார். அம்மாக்கள் பார்த்தால் அதிலிருந்து எடுத்துவிடுவார்களாம்! படித்ததும் சிரித்துவிட்டேன். ஜப்பானில் இருந்தால் என்ன, அம்மா அம்மாதான். ஆனால் சிரித்து முடித்தபின் உறுத்தியது. இந்தப் புத்தகத்தில் குடும்பம் வருவது பெரும்பாலும் இடைஞ்சலாகத்தான். பத்து வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி நாலு பேர் ஒரே பீரோவை ஆளும் வீட்டில் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து மூன்று வருஷம். பத்திரிகையைப் பார்த்து யாருக்கும் மனசு துள்ளவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார், ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கிறது. குப்பையில் போட எந்த அம்மாவுக்குக் கை வரும்? கடைசியில் பிள்ளையார் படத்தை மட்டும் கத்தரித்து எடுப்பார்கள். பழைய சாமி படங்கள் ஊருக்கு ஊர் அரச மரத்தடியில் சேர்வதும் இப்படித்தான். பொருள் நமக்கு வேண்டாம், ஆனால் அதை அவமதிக்கவும் கூடாது. பிரியும் பொருளுக்கு நன்றி சொல்லி அனுப்பு என்று கோண்டோ சொல்வது இந்த இடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அவருடைய மையக் கேள்வி வருவதில்லை.

2023ல், மூன்றாவது குழந்தைக்குப் பிறகு, வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவுக்குக் கைவிட்டுவிட்டதாக அவரே சொன்னார். நிறைய பேர் கேலி செய்தார்கள். எனக்கு அது அவர் சொன்னதிலேயே நேர்மையான சொல்லாகப் பட்டது. வீட்டு ஒழுங்கு என்பது பொருளைப் பற்றியது மட்டுமல்ல, யாருக்கு நேரம் இருக்கிறது என்பதையும் பற்றியது என்று அனுபவம் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

எனக்குப் பிறகு யார்?

அடுத்தது ஸ்வீடன்காரர் மார்கரெட்டா மாக்னுசன். ஓவியர், முதுமையில் எழுதியவர். 2017ல் வந்த அவருடைய சின்னப் புத்தகம் ‘தொஸ்தாத்னிங்’ என்ற ஸ்வீடிஷ் சொல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. சாவு, சுத்தம் செய்தல் என்ற இரண்டு சொற்களின் கூட்டு அது. நான் போனபிறகு என் சாமான்களை ஒழிக்கும் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் நானே முடித்துவிட்டுப் போகிறேன் என்ற எண்ணம்.

அவர் கேட்கும் கேள்வி ஏறக்குறைய இப்படி: இதை நான் வைத்திருப்பதால் வேறு யாருக்காவது சந்தோஷம் உண்டா? கோண்டோவின் கேள்வியில் இல்லாத இன்னொரு ஆள் இங்கே வந்துவிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் புத்தகத்தை நான் ஒரு படி மேலே வைப்பேன். நடைமுறை புத்தியும் உண்டு. கடிதம், போட்டோவில் ஆரம்பிக்காதே, அதில் மூழ்கிப் போவாய் என்கிறார். எனக்கு மட்டுமே பொருள் உள்ளவற்றை ஒரு பெட்டியில் போட்டு, நான் போனபின் பிரிக்காமல் எறிந்துவிடுங்கள் என்று எழுதி வைக்கச் சொல்கிறார். வயதான அப்பா அம்மாவிடம் இந்தப் பேச்சை எப்படி மென்மையாக எடுப்பது என்றும் சொல்லித் தருகிறார்.

நானும் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பாத்திர மூட்டையை இறக்கிவிட்டு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது வேணுமா? இது வேணுமா?" என்று கேட்டேன். ஏழெட்டுப் பாத்திரம் வரை பதில் வந்தது. அப்புறம் அம்மா எழுந்து, "எல்லாத்தையும் போட்டுடு. எனக்கு என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் மென்மையாகத்தான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம், வரிசையாக இருபது தடவை ‘இது வேணுமா’ என்று கேட்டால் அவர் காதில் அது எப்படி விழும்? மாக்னுசன் தன் சாமானைப் பற்றித் தானே கேட்டுக்கொள்கிறார். அதனால்தான் அந்தப் புத்தகத்தில் நகைச்சுவை சாத்தியமாகிறது. அதே கேள்வியை மகன் கேட்டால் அது கணக்கு முடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இந்தத் துறையின் புத்தகங்கள் கேள்வியின் வார்த்தைகளைச் செதுக்குவதில் எடுக்கும் அக்கறையை, யார் யாரிடம் கேட்கிறார் என்பதில் எடுப்பதில்லை.

பேர் வெட்டின பாத்திரம்

மறுநாள் மூட்டையைத் திருப்பிக் கட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பாதிக்கு மேல் பேர் வெட்டின பாத்திரங்கள். எவர்சில்வர் தூக்கில், குடத்தில், சம்படத்தில் புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயர், சிலதில் தேதி. அம்மா கல்யாணத்துக்கு வந்தது, அக்கா பிறந்தபோது வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது.

பொருளாதாரத்தில் ஒரு பிரபலமான பரிசோதனை உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990ல் வெளியிட்டது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காப்பிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அதை விற்க என்ன விலை கேட்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காத மீதிப் பேரிடம், வாங்க என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் சொன்னதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்முடையது என்று ஆனதுமே பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. இதற்கு மாற்றாக ஒழுங்கு வல்லுநர்கள் சொல்லும் கேள்வி: இன்றைக்குக் கடையில் பார்த்தால் இதைக் காசு கொடுத்து வாங்குவேனா?

நல்ல கேள்விதான். என் மேஜை இழுப்பறையில் பிரயோகித்தேன். செத்துப்போன சார்ஜர்கள், எந்தக் கருவிக்கு என்று தெரியாத ஒயர்கள் எல்லாம் ஒரே மத்தியானத்தில் காலி. ஆனால் பேர் வெட்டின சம்படத்திடம் இந்தக் கேள்வி செல்லாது. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கடையில் கிடைப்பது சம்படம். பரணில் இருப்பது செத்துப்போன ஒரு அத்தை.

அதனால் கேள்வியை மாற்றினேன். ‘வேணுமா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு போய், "இது யார் கொடுத்ததும்மா?" என்று மட்டும் கேட்டேன். அம்மா கையில் வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்தார். அந்த அத்தை கதை அரை மணி நேரம் ஓடியது. முடிவில் அவராகவே, "இதை அவ பேத்திக்குக் குடுத்துடலாம். அவங்க வீட்ல பாட்டி பேர் போட்டது ஒண்ணுகூட இருக்காது" என்றார். அந்த ஒரு மாதத்தில் பதினாலு பாத்திரம் அதனதன் குடும்பத்துக்குத் திரும்பிப் போயிற்று. நான் ஒன்றைக்கூடக் கழிக்கச் சொல்லவில்லை.

‘வேணுமா’ என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில். ‘இல்லை’ என்று சொன்னால் பொருள் போய்விடும், அதனால் ‘ஆம்’ என்பதே பாதுகாப்பு. ‘யார் கொடுத்தது’ என்பதற்கு ஒரு ஆள் பதிலாக வருகிறார். ஆள் வந்ததும் பொருளுக்குப் போக ஒரு இடமும் வந்துவிடுகிறது.

நீ தேடினால் எங்கே தேடுவாய்?

இதெல்லாம் சரி, காலண்டருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கு என்ன பதில்?

இங்கே எனக்கு உதவியவர் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த டேனா கே. வைட். தன் வீட்டு அலங்கோலத்தை மறைக்காமல் எழுதிப் பெயர் பெற்றவர். 2018ல் வந்த புத்தகத்தில் அவர் முதலில் வைக்கும் கேள்வி: இந்தப் பொருள் தேவைப்பட்டால் நான் முதலில் எங்கே தேடுவேன்? எங்கே தேடுவேனோ அதுதான் அதன் இடம். உடனே எழுந்து போய் அங்கே வை.

கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ‘இது எங்கே இருக்க வேண்டும்’ என்ற கேள்விக்கும் இதற்கும் பெரிய தூரம். ‘இருக்க வேண்டும்’ என்றால் நாம் ஒரு கற்பனை வீட்டை வடிவமைக்க ஆரம்பித்துவிடுவோம். ‘தேடுவேன்’ என்றால் நம் கை தானாக எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் போதும். இதில் மனசு துள்ள வேண்டியதில்லை, சாவை நினைக்க வேண்டியதில்லை. நான் படித்ததில் ஆகச் சிறந்த கேள்வி இது. ஆனால் இதிலும் ஆள் ஒருமைதான். ‘நான்’ தேடுவேன். அம்மாவிடம் கேட்டிருந்தால் தயங்காமல் காலண்டர் என்றிருப்பார்.

ஆகவே ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இது தேவைப்பட்டால் அப்பா எங்கே தேடுவார்?

ஒரு சாயங்காலம் பரீட்சை வைத்தோம். பத்துப் பொருள். அம்மாவின் மாத்திரைச் சீட்டு, இன்சூரன்ஸ் அட்டை, வீட்டுப் பத்திர நகல், காஸ் புத்தகம், தெர்மாமீட்டர், பூட்டுக்கான மாற்றுச் சாவி, ஃப்யூஸ் ஒயர், ஊசி நூல், சீரகம், அக்கா வீட்டு விலாசம். அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. நாற்பது வருஷம் அந்த வீட்டில் குடும்பம் நடத்தியவர் கண்டுபிடித்தது இரண்டு. ஃப்யூஸ் ஒயர், வீட்டுப் பத்திரம். நான் எடுத்தது மூன்று. சிரித்துக்கொண்டே ஆரம்பித்த விளையாட்டு ஏழாவது பொருளில் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. அப்பா சமையலறை நடுவில் நின்றுகொண்டு எந்த டப்பாவைத் திறப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஐந்து ஏன்

டொயோட்டா தொழிற்சாலையில் டைச்சி ஓனோ பரப்பிய வழக்கம் ஒன்று உண்டு. 1978ல் வெளியான தன் புத்தகத்தில் அதை விளக்குகிறார். இயந்திரம் நின்றால் ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேள். ஃப்யூஸ் போயிற்று என்பதோடு நின்றால் ஃப்யூஸை மாற்றுவாய், நாளைக்கு மறுபடி போகும். பளு ஏன் கூடியது, எண்ணெய் ஏன் ஏறவில்லை, பம்ப் ஏன் இழுக்கவில்லை என்று போனால்தான் வடிகட்டி இல்லாததால் உலோகத்தூள் உள்ளே போனது தெரியும்.

எங்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். சீட்டு ஏன் கிடைக்கவில்லை? இடம் எங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அம்மாதான் எப்போதும் எடுத்துக் கொடுப்பார். ஏன் அவரே எடுக்கிறார்? அவர்தான் வைக்கிறார். ஏன் அவரே வைக்கிறார்? வீட்டு வேலை முழுக்க அவருடையது. ஏன்?

ஐந்தாவது ‘ஏன்’ எங்கள் வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்கள் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 நிமிஷம். இந்த 299 நிமிஷத்துக்குள் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலைக்குத் தனி வரி கிடையாது. எது எங்கே, எது தீரப் போகிறது, எந்தத் தேதி எதற்கு என்பது அடுப்படியில் நிற்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் ஒவ்வொருவரும் தன் வீட்டைச் சுற்றிக் காட்டியபடி பேசியதைப் பதிவு செய்தார்கள். உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஹார்மோனையும் அளந்தார்கள். அடைசல், முடியாத வேலை என்று தன் வீட்டைப் பற்றிப் பேசிய மனைவிகளுக்கு, பகல் போகப் போக இறங்க வேண்டிய கார்டிசால் சரியாக இறங்கவில்லை. கணவர்களிடம் அதே தொடர்பு தெரியவில்லை. சின்ன ஆய்வு, எது காரணம் எது விளைவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் கண்ணுக்குச் சோபா தெரிகிறது, இன்னொருவர் கண்ணுக்கு மடிக்க வேண்டிய துணி தெரிகிறது என்பதற்கு ஆய்வு எதற்கு? எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

அப்படியென்றால் பிளாஸ்டிக் டப்பாவும் லேபிளும் வாங்குவது ஃப்யூஸ் மாற்றுகிற வேலை. ‘எங்க வச்சே?’ என்று நாற்பது வருஷமாக ஒரே திசையில் போய்க்கொண்டிருந்த கேள்விதான் எங்கள் வீட்டின் உலோகத்தூள்.

எது நல்ல கேள்வி?

இத்தனையும் படித்து, இத்தனையும் சொதப்பியபின் என் கணிப்பு இது. நல்ல கேள்விக்குப் பதிலாக ஒரு ஆளோ, ஒரு இடமோ, ஒரு தேதியோ வர வேண்டும். உணர்ச்சி மட்டும் பதிலாக வந்தால் அது சட்டைக்குப் போதும், சீட்டுக்குப் போதாது. கேட்பவரும் வேலையில் பங்கு எடுக்க வேண்டும். நாற்காலியில் ஒருத்தரை உட்கார வைத்துக் கேட்டால் எவ்வளவு அழகான கேள்வியும் விசாரணைதான். ‘நான்’ என்று தொடங்கும் கேள்வியை வீட்டில் இருக்கும் இன்னொருவர் பெயரைப் போட்டு ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். பல கேள்விகள் அங்கே உடைந்துவிடும்.

கோண்டோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தனியாக இருப்பவருக்கு, தன் துணிமணிக்கு, அவர் போதும். மாக்னுசனை அறுபது தாண்டியவர்கள் தாங்களே வாங்கிப் படிக்கட்டும், பிள்ளைகள் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வைட்டின் கேள்வியை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்று அப்பா பர்ஸில், ஒன்று என் போனில், ஒன்று அக்காவிடம். மூலம் அதே காலண்டருக்குப் பின்னால்தான். அந்த இடத்தை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

சமையலறையில் பாதியை அப்பா எடுத்துக்கொண்டார். காலை டிபன் அவர் பொறுப்பு. தான் எங்கே தேடுவாரோ அங்கே மாற்றி வைக்கிறார். கடுகும் சீரகமும் அடுப்புக்கு வலது பக்கம் வந்துவிட்டன. போன வாரம் அம்மா ரசத்துக்குத் தாளிக்க நின்றுகொண்டு, நாற்பது வருஷமாகக் கை போகும் இடத்துக்குக் கையை நீட்டினார். அங்கே பெருங்காய டப்பா இருந்தது.

"ஏங்க, சீரகத்தை எங்க வச்சீங்க?"

கேட்டது எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் அம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, தன் அடுப்படியில் தானே ஒரு கணம் விருந்தாளி மாதிரி நின்றார். ஒருத்தர் தலைக்குள் இருந்ததை நாலு பேருக்குப் பிரித்தால் அந்த ஒருத்தருக்கு ஒரு இழப்பும் உண்டு. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு இல்லை. அப்பா எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தார். அம்மா வாங்கிப் போட்டுவிட்டு, டப்பாவைத் தன் பழைய இடத்தில் வைத்தார். இன்று காலை பார்த்தேன், மறுபடி வலது பக்கம் வந்திருக்கிறது.